நான்கு சுவரும் ஒரு தொலைபேசியும்

ஓசூர் சாலையில் டெய்ரி சர்க்கிளுக்கு அருகிலுள்ள மருத்துவமனையை அறியாத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் இராது. 1925இல் மைசூர் அரசினர் மனநோய் மருத்துவமனை என்று பெயர் பெற்ற நிலையமும், 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகமும் 1974 டிசம்பர் 27ஆம் நாள் ஒன்றாகி, நிம்ஹான்ஸ் என்னும் பெயரில் இன்று உலகறிய விளங்குகின்றன. ஆயினும் நம் வீடுகளில் அப்பெயரைச் சொல்லும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. சென்னையிலிருந்து வந்து குடியேறியவர்க்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ அப்படியே இதுவும். ‘ஓசூர் ரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம்’ என்று சுற்றி வளைத்துச் சொல்லும் அன்பர்களை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் மணமாக வேண்டிய பெண் இருந்தால் அதையும் சொல்வதில்லை. தலைவலிக்கு மருந்து வாங்கினோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இம்மாத இல்லறப் பக்கத்தில் நாம் எழுத எடுத்துக்கொண்டது அம்மருத்துவமனையின் வரலாறு அன்று. கொள்ளைநோய்க் காலத்தில் அதன் வாயில் ஏறத்தாழ அடைபட்டிருந்தபோது தொலைபேசி வழியே வெளியே வந்த உதவியைப் பற்றியும், அவ்வுதவியை வாங்கிக்கொள்ள நம் வீடுகளில் இடம் இருந்ததா என்பது பற்றியுமே எழுதுகிறோம். இடம் என்று நாம் சொல்வது மனத்தில் உள்ள இடத்தை அன்று. ஒருவர் தனித்து நின்று பேசக்கூடிய நாலடி இடத்தையே சொல்லுகிறோம்.

2020 மார்ச் 22 நள்ளிரவோடு நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நின்றன. 25ஆம் நாள் முதல் ஊரடங்கு தொடங்கியது. ரயில்வேயில் ஊழியம் செய்யும் நமக்கு, வண்டி வராத பிளாட்பாரத்தைப் போல் மனத்தைக் கலக்கும் காட்சி வேறொன்றும் இல்லை. சரக்கு வண்டிகள் ஓடின. மருந்துப் பெட்டிகளும் உணவுப் பொருள்களும் பார்சல் வண்டிகளில் போய்க்கொண்டிருந்தன. மனிதர்கள்தாம் நின்ற இடத்தில் நின்றுவிட்டனர். தங்கவயலில் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பம் வண்டியையே நம்பி விடியற்காலையில் புறப்பட்டு பெங்களூரில் கூலி வேலை செய்துவிட்டு இரவில் வீடு திரும்பிய நம்மவர் எத்தனை பேர்! அவர்கள் அடுப்பு எதனால் எரிந்தது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அத்திப்பள்ளி எல்லையிலும் தடை விழுந்தது. ஓசூரிலிருந்தும், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலத்திலிருந்தும் மாதந்தோறும் நிம்ஹான்ஸுக்கு வந்து மாத்திரை வாங்கிச் சென்ற குடும்பங்கள் உண்டு. மனநோய்க்கு உண்ணும் மருந்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. காய்ச்சல் மருந்தை நிறுத்தினால் மறுநாளே தெரிந்துவிடும். இம்மருந்தை நிறுத்தினால் முதல் வாரத்தில் நோயாளிக்குச் சுகமாகவே தோன்றும்; சோம்பல் நீங்கியதுபோல் இருக்கும். மூன்றாம் வாரத்திலோ இரண்டாம் மாதத்திலோ உறக்கம் கெடும். சந்தேகம் தலைதூக்கும். வீட்டார் விழித்துக்கொள்வதற்குள் நோய் முற்றிவிடுவதும் உண்டு. ஊரடங்கோ ஒரு வாரத்தில் முடியவில்லை. மருத்துவமனைகள் அவசரச் சிகிச்சைக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்து, வழக்கமான புறநோயாளர் வருகையைச் சுருக்கிக்கொண்டன. இஃது இந்நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. உலகச் சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் விசாரித்து 2020 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு 93 நாடுகளில் மனநலப் பணிகள் தடைப்பட்டோ நின்றோ போயின என்று கண்டிருக்கிறது. அவற்றுள் நூற்றுக்கு 70 நாடுகள் தொலைபேசி முதலிய சாதனங்களைக் கொண்டே பணியைத் தொடர முயன்றன.

நம் நாட்டில் இரண்டு காரியங்கள் ஒரே வாரத்தில் நடந்தன. மருத்துவர்கள் நோயாளியை நேரில் காணாமலே தொலைபேசி வழியாக ஆலோசனை கூறவும் மருந்து எழுதித் தரவும் உரிய விதிமுறைகளை மத்திய அரசு மார்ச் 25ஆம் நாள் வெளியிட்டது. 29ஆம் நாள் நிம்ஹான்ஸ் கட்டணமில்லாத தொலைபேசி எண் ஒன்றைத் திறந்து, பல இந்திய மொழிகளில் மனநல உதவி அளிக்கத் தொடங்கியது. நேற்றுவரை சேலத்திலிருந்து பேருந்து ஏறி வந்து வரிசையில் நின்று பெற்றுச் சென்ற சீட்டு, அன்று கைப்பேசியில் படமாக வந்து சேர்ந்தது. அதைக் காட்டி உள்ளூர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினார்கள். போதைப்பொருள் சட்டத்தில் அடங்கிய மருந்துகளை அவ்வாறு எழுதித் தருதல் கூடாதென்று விதியில் தடை இருந்தது. தூக்க மாத்திரைகளுள் சிலவும் அச்சட்டத்தில் அடங்குவதால், அதிலே துன்பப்பட்டவர்களும் உண்டு.

அக்காலத்தில் யாரை அழைத்தாலும் முதலில் ஓர் இருமல் ஒலியும், பின்னர் எச்சரிக்கை வாசகமும் கேட்டது அன்பர்களுக்கு நினைவிருக்கும். பயந்து போயிருந்தவனை மேலும் பயமுறுத்துவதற்கு அந்த இருமலைவிடச் சிறந்த உபாயத்தை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது நம் கருத்து.

மக்களின் துயரம் ஒன்றாக இல்லை. நோய் தொற்றிவிடுமோ என்ற அச்சம் சிலருக்கு. கூலி நின்றதும், வாடகை கேட்டு வீட்டுக்காரர் வாசலில் நின்றதும் பலருக்கு. மதுக்கடைகளை ஒரே நாளில் மூடியதால், பல்லாண்டு குடித்துப் பழகியவர்களுக்குக் கை நடுக்கமும், தன்னினைவு தடுமாற்றமும், வலிப்பும் கண்டன. அது பிடிவாதமன்று, உயிருக்கு ஆபத்தான மருத்துவ நிலை என்பதைப் பல குடும்பங்கள் அப்போதுதான் அறிந்தன. கேரள அரசு 2020 மார்ச் இறுதியில், மருத்துவர் சீட்டின்பேரில் மது தரலாம் என்று ஆணையிட, உயர்நீதிமன்றம் சில நாள்களில் அதனை நிறுத்தி வைத்தது. கருநாடகத்தில் மே 4ஆம் நாள் கடைகள் திறந்தபோது நின்ற வரிசையைப் பார்த்து நகைத்தவர்கள், ஏப்ரலில் அவ்வீடுகளில் நடந்ததை அறியமாட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இந்நகரத்துச் சுடுகாடுகளின் வாயிலில் ஆம்புலன்சுகள் வரிசையிட்டு நின்றன. தந்தையின் முகத்தைக் கடைசியாகக் காணாமலும், வாய்க்கரிசி போடாமலும் தகனம் முடிந்துவிட்ட பிள்ளைகளின் துயரம் தனிவகை. அதற்கு மாத்திரை இல்லை. கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

தேசியக் குற்றப் பதிவேட்டுத் துறையின் கணக்கில், இந்தியாவில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள் 2019இல் 1,39,123 பேர்; 2020இல் 1,53,052 பேர்; 2021இல் 1,64,033 பேர். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அன்றாடக் கூலி வேலை செய்தோர் மட்டும் 37,666 பேர். ஏறத்தாழ நால்வரில் ஒருவர். பெங்களூரில் கட்டடம் கட்டவும், மூட்டை தூக்கவும், வீட்டு வேலை செய்யவும் வந்த நம்மவர் எந்த வகுப்பினர் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வெண்களைத் தொலைவிலுள்ள செய்தியாகக் கருத முடியாது.

இனி, தொலைபேசியின் மறுமுனையில் நடப்பது யாது? மந்திரமா, அறிவுரையா? இதற்கு விடைகாண ஒரு பழைய செய்தி உதவும். இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் பாதிரியார், 1935இல் ஒரு சிறுமிக்கு இறுதிச் சடங்கு செய்து வைத்தார். அவள் பூப்படைந்ததைக் கொடிய நோய் என்று அஞ்சி, எவரிடமும் கேட்கத் துணியாமல் உயிரை மாய்த்துக்கொண்டவள். அதை மறக்க இயலாத அவர், 1953 நவம்பரில் லண்டன் மாநகரத்தில் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, வாழ்வை வெறுத்தவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். பலர் நேரிலும் வந்தனர். காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கச் சில தொண்டர்களை அமர்த்தினார். நாளடைவில் ஓர் அதிசயம் கண்டார். அத்தொண்டர்களிடம் பேசியவர்களுள் பலர், பாதிரியாரைக் காணாமலே மனம் தேறித் திரும்பிச் சென்றனர். அடுத்த ஆண்டே அவர் கேட்கும் பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்னும் அமைப்பு இவ்வாறு பிறந்தது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சிநேகா அமைப்பும் தொண்டர்களைக் கொண்டே நடப்பது.

ஆகவே மறுமுனையில் இருப்பவர் அறிவுரை கூற விரைவதில்லை. ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்? அருகில் யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்பார். சாப்பிட்டீர்களா, உறங்கினீர்களா என்பார். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, ‘நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?’ என்று கேட்பார். உயிரை விட்டுவிடும் எண்ணம் வந்ததா என்றும் ஒளிவுமறைவின்றி வினவுவார். இவ்வாறு கேட்பது இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடும் என்று நம் பெரியவர்கள் அஞ்சுவர். அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. யாரேனும் வாய்விட்டுக் கேட்டாரே என்ற ஆறுதலே பெரும்பாலும் மிஞ்சும். ஆபத்து அருகில் என்று கண்டால், தீங்கு விளைவிக்கும் பொருள்களை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்வார். நம்பகமான ஒருவரைத் துணைக்கு இருத்தச் செய்வார். மீண்டும் பேச நேரம் குறிப்பார்.

எம் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைக் கண்ணால் காணாமலே, நூறு மைலுக்கு அப்பாலுள்ள கண்ட்ரோல் அறையில் அமர்ந்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் வரும் குரலைக் கேட்டே வண்டிகளை நடத்துவர். அடுத்தடுத்த ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவர் சொன்னதை மற்றவர் உறுதி செய்து, எண் மாற்றிக்கொண்ட பிறகே வண்டி நகரும். முகம் காணாத குரலை நம்பி ஆயிரம் உயிர்களை அனுப்புகிறோம். ஒரு மனிதனின் துயரத்தைக் குரலால் தாங்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு நாம் இதைத்தான் சொல்வது வழக்கம்.

மறுமுனை இவ்வாறிருக்க, நம் முனையைப் பார்ப்போம். இங்கேதான் சிக்கல்.

சிவாஜி நகரிலும், ஸ்ரீராம்புரத்திலும், நீலசந்திராவிலும், விவேக் நகரிலும் நம்மவர் குடியிருக்கும் வீடுகளை நாம் அறிவோம். முன்னறை ஒன்று, சமையலுக்கு ஒதுக்குப்புறம் ஒன்று. ஐவரோ அறுவரோ குடியிருப்பு. ஊரடங்கில் அறுவரும் இருபத்துநான்கு மணி நேரமும் உள்ளேயே இருந்தனர். கைப்பேசி ஒன்று, அதுவும் பள்ளிப் பாடத்துக்காகப் பிள்ளையின் கையில். அத்தகைய வீட்டில் மருமகள் ஒருத்திக்கு வாழ்வே கசந்துபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். அவள் யாரை அழைப்பாள்? எங்கே நின்று பேசுவாள்? பேச்சில் மாமியார் பெயர் வரும். மாமியார் மூன்றடி தள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கணவன் அடித்ததைச் சொல்ல வேண்டும். கணவன் கட்டிலில் படுத்திருப்பான். அவள் ‘ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறோம்’ என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவாள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் வந்தால் அருகே ஆள் இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டு, அவ்விரு சொற்களாலேயே விடையளிக்கத்தக்க கேள்விகளைக் கேட்கப் பயின்றவர்கள் உண்டு. எனினும் அவ்விரு சொற்களில் எவ்வளவு துயரத்தைத்தான் அடக்க முடியும்?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பல ஆண்டுகளாக மருந்து உண்டு வந்த ஒரு தம்பிக்கு வாரந்தோறும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும். தமக்கை அக்கறையோடு ஒலியைப் பெரிதாக்கி வைத்து, எல்லோரும் கேட்கும்படி செய்தார். அவன் வாய் திறக்குமுன்னே, ‘மாத்திரை சாப்பிடுகிறான், தூங்குகிறான், கோபம் மட்டும் வருகிறது’ என்று அவரே விடையிறுத்தார். மூன்றாம் வாரத்தில் தம்பி தொலைபேசியைத் தொடவே மறுத்துவிட்டான். பின்னர், தண்ணீர்த் தொட்டி இருக்கும் மொட்டை மாடியின் சாவியை வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டு வாங்கி, அரைமணி நேரம் அவனை அங்கே தனியே விட்டனர். தமக்கை மாடிப்படியின் நடுவில் அமர்ந்திருந்தார். அவன் குரல் கேட்கும், சொற்கள் கேட்கா. அந்த இடைத்தூரம் அவருக்குத் தாமாகத் தோன்றியது. எந்தப் புத்தகத்திலும் படித்ததன்று.

நம் நாட்டு மனநல மருத்துவத்தில் குடும்பத்தாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது சிறந்த மரபு. 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்து, அவர்களையும் சிகிச்சையில் பங்குகொள்ள வைத்தார். வேலூரிலும் நோயாளியோடு உறவினர் தங்கும் முறை அப்பத்தாண்டிலேயே வந்தது. ஆனால் உடனிருத்தல் வேறு, ஒட்டுக்கேட்டல் வேறு. நம் வீடுகளில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வரப்பு அழிந்து கிடக்கிறது. வயது வந்த பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் காதல் என்கிறோம், கடன் என்கிறோம். உயிரைக் காக்கும் பேச்சாகவும் அஃது இருக்கலாம் என்று தோன்றுவதில்லை. இல்லத்தரசிகள் மனம் வைத்தால், கடைக்குப் போவதுபோல் அரைமணி நேரம் வெளியே நிற்கலாம். பெரியவர்கள் மாடிக்கோ கோயிலுக்கோ செல்லலாம். இதற்குக் காசு செலவில்லை.

தொலைபேசியால் ஆகாதனவும் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று. மாதமொருமுறை போடவேண்டிய ஊசியைத் தொலைபேசி போடாது. லித்தியம் உண்பவர்க்கு இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிக்க வேண்டும். குளோசபின் உண்பவர்க்கு வெள்ளணுக்களை எண்ண வேண்டும். இவற்றுக்கு நேரில்தான் செல்ல வேண்டும். கை நடுங்கித் தன்னினைவு தடுமாறும் குடிநோயாளிக்கு ஆம்புலன்சே தேவை. தானே சிரித்துக்கொண்டும், யாரோ பேசுவதாகக் கேட்டுக்கொண்டும் இருப்பவர் தாமாக அழைக்கமாட்டார். அவருக்காக வீட்டார் அழைக்கலாம். செவி கேளாதவருக்கு இந்தக் கருவி உதவாது. இத்தனைக்கும் பிறகு, நள்ளிரவு இரண்டு மணிக்குத் தமிழில் ஒரு குரல் கிடைப்பது சிறு காரியமன்று.

தமிழில் என்பதை அழுத்திச் சொல்கிறோம். நம்மில் பலர் கடையிலும் அலுவலகத்திலும் கன்னடம் சரளமாகப் பேசுகிறவர்கள். அது நமக்குச் சோறளிக்கும் மொழி, அதன்மேல் நமக்கு அன்பும் உண்டு. ஆனால் நெஞ்சு அடைக்கும்போது வரும் சொல் தாயிடம் கற்றதாகவே இருக்கும். ‘மனசு பாரமாய் இருக்கிறது’, ‘அடிவயிறு கலங்குகிறது’, ‘பித்துப் பிடித்தாற்போல் இருக்கிறது’ என்பவற்றுக்கு வேறு மொழியில் ஈடு தேடிக்கொண்டிருந்தால் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகும்.

கொள்ளைநோய் தணிந்தது, அதிலிருந்து பிறந்த ஏற்பாடு நின்றது. 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, டெலி மானஸ் என்னும் தேசியத் தொலைபேசிப் பணி தொடங்கியது. நிம்ஹான்ஸே அதன் தலைமை நிலையம். எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட இருபது மொழிகளில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் மனநல மருத்துவரிடம் சேர்ப்பிப்பார். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இதே எண்ணில் பணி நடைபெறுகிறது. ஓசூரிலோ வேலூரிலோ இருக்கும் உறவினருக்கும் இவ்வெண்ணையே சொல்லலாம். 2025ஆம் ஆண்டின் நடுவிற்குள் நாடெங்கிலுமிருந்து வந்த அழைப்புகள் இருபது இலட்சத்தைக் கடந்துவிட்டன.

அழைத்தால் போலீஸ் வருமா, ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா என்று நம்மிடம் கேட்போர் பலர். 2018 மே 29 முதல் நடப்பிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய செய்திகளை இரகசியமாகக் காக்கும் உரிமையை நோயாளிக்கு அளித்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து முதலிய சில சமயங்களில் மட்டுமே அதற்கு விலக்கு. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே கருதி, அவரைத் தண்டிக்காமல் அரசு பராமரிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. முன்பு அம்முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. எனவே பழைய அச்சத்தால், விஷம் உண்டவரை ‘வயிற்றுவலி’ என்று பொய் சொல்லித் தாமதமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசியமே இல்லை. மருத்துவரிடம் உண்மையை உடனே சொல்லலாம்.

சங்கத்து நாட்காட்டி பெரும்பாலான அன்பர்களின் வீட்டில் சுவரில் தொங்குகிறது. அதன் மேல் ஓரத்தில் பால்காரர் எண்ணும், சிலிண்டர் எண்ணும் பேனாவால் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். 14416 என்பதையும் அதே மையால், யாருக்காக என்று குறிக்காமல் எழுதி வைத்துவிடுங்கள். யார் பார்த்து எழுதிக்கொண்டார் என்று விசாரிக்க வேண்டாம்.